பிரளும் கால், கழற்றும் செருப்பு

கொக்குவில் சந்தியில் பஸ் முழுதாக நிற்கும் முன்பே ஒரு கால் இறங்குகிறது. காங்கேசன்துறை வீதிக்குக் காப்பெற் போட்டு உயர்த்திய பிறகு, தாரின் விளிம்புக்கும் கரை மண்ணுக்கும் இடையில் நாலு விரல் உயரம் விழுந்திருக்கிறது. மாரி மழை அந்தப் பள்ளத்தை நிரப்பித் தரை சமன் என்று காட்டுகிறது. றப்பர்ச் செருப்பில் பாதி தாரில் ஊன்ற, மறுபாதி தண்ணீருக்குள் போகிறது. பாதம் உள்நோக்கி மடிகிறது. உடலின் பாரம் முழுவதும் வெளிக்கணுவின் மேல் இறங்குகிறது. மரக்கறிப் பை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். சுற்றி நிற்பவர்களில் ஒருவர் செருப்பைக் குறை சொல்வார், ஒருவர் வீதி போட்டவர்களைக் குறை சொல்வார், மூன்றாமவர் உருவித் தேய்க்கிற வைத்தியரின் வீட்டுக்கு வழி சொல்வார்.

மூவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் கணுக்கால் பிரளுவதற்கும், அதைவிட முக்கியமாகத் திரும்பத் திரும்பப் பிரளுவதற்கும் உள்ள காரணங்களில் பெரும்பங்கு காலுக்குள்ளேயே இருக்கிறது. நல்ல சப்பாத்து ஒன்று வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் எங்கும் பாதித் தீர்வுதான். யாழ்ப்பாணத்தில் பாதிகூட இல்லை. வீட்டு வாசலில், கோயில் வாசலில், சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில் என்று ஒரு நாளில் பல தடவை செருப்பைக் கழற்றும் ஊர் இது. கணுக்கால் உழைக்கும் நேரத்தில் பெரும்பகுதி இங்கே வெறுங்காலில்தான் கழிகிறது.

ஏன் எப்போதும் வெளிப்பக்கம்?

ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். அவற்றின் மேல் உட்கார்ந்திருக்கும் கணுக்கால் மூட்டு, காலின் இரண்டு எலும்புகள் கவ்வுகிற ஒரு பொருத்து. வெளிக்கணு உட்கணுவைவிடக் கீழே நீண்டிருப்பதால் பாதம் வெளிநோக்கி மடிவது கடினம். உட்பக்கத்து இணைநாரும் அகலமானது, தடித்தது. வெளிப்பக்கத்தில் இருப்பவையோ மூன்று தனித்தனி நார்கள். அவற்றில் முன்னால் இருப்பதே மெலிந்தது. பெரும்பாலும் முதலில் கிழிவதும் அதுதான். கணுக்கால் சுளுக்குகளில் ஏறக்குறைய 85 சதவீதம் வெளிப்பக்கத்தில் ஏற்படுவதற்கு இந்த அமைப்பே காரணம்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. கவ்வப்படும் எலும்பு முன்புறம் அகலமாகவும் பின்புறம் ஒடுக்கமாகவும் இருக்கிறது. பாதம் மேல்நோக்கி மடங்கியிருக்கும்போது அகலமான பகுதி பொருத்துக்குள் இறுகிக்கொள்ளும், மூட்டு அசையாது. விரல் நுனியில் எழும்போது ஒடுங்கிய பகுதி வந்து சேர்வதால் மூட்டு தளர்ந்துவிடும். குதி உயர்ந்த சப்பாத்து, படியிறங்கும் கால், பந்தைத் தடுக்கக் குதித்துவிட்டுத் தரைதொடும் கால் மூன்றும் இந்தத் தளர்ந்த நிலையில்தான் இருக்கின்றன. கலியாண வீட்டில் உயர்குதிச் செருப்போடு மணலில் நடப்பவர்கள் தடுமாறுவதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

பாதம் மடியத் தொடங்கியதும் அதைப் பிடித்து நிறுத்த வேண்டியவை கெண்டைக்காலின் வெளிப்பக்கமாக இறங்கும் தசைகள். அவற்றுக்குத் தகவல் கொடுப்பவை இணைநார்களிலும் மூட்டு உறையிலும் உள்ள நரம்பு முனைகள். மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதைக் கண்ணால் பாராமலே உடல் அறிவது இவற்றால்தான். நார் கிழியும்போது இந்த நரம்பு முனைகளும் சேதப்படுகின்றன.

உருவுவதா, ஊன்றுவதா?

முறிவு நெரிவு வைத்தியம் யாழ்ப்பாணத்தில் ஆழமாக வேரூன்றிய மரபு. எண்ணெய், பத்து, கட்டு என்று அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. காலை அசையாமல் கட்டி வீக்கத்தைக் கட்டுப்படுத்துவதில் அந்த முறைக்கும் ஆங்கில மருத்துவத்துக்கும் பெரிய சண்டை இல்லை. சண்டை வருவது முதல் நாளே அழுத்தி உருவும்போது. கிழிந்த இடத்தில் இரத்தம் கசிந்துகொண்டிருக்கும் முதல் இரண்டு மூன்று நாட்களில் பலமாகத் தேய்ப்பது வீக்கத்தைக் கூட்டும். உள்ளே எலும்பு வெடித்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் ஒரு சூத்திரமாக 1978இல் பரப்பியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014இல் தம் கருத்தை அவரே திருத்திக்கொண்டார். இன்று சொல்லப்படுவது நடுவழி: முதல் ஓரிரு நாள் வலி தணியக் குளிர் ஒத்தடம் கொடுக்கலாம், கட்டுப் போடலாம். அதன்பிறகு தாங்கக்கூடிய அளவுக்கு ஊன்றி நடக்க வேண்டும். எலும்பு உடையாத சுளுக்குக்கு வாரக்கணக்கில் கட்டிலில் கிடப்பது சிகிச்சை ஆகாது.

[பெட்டி] எக்ஸ்-ரே எப்போது அவசியம்?

கனடாவின் ஒட்டாவா நகரில் மருத்துவர் இயன் ஸ்டீலும் குழுவினரும் 1992இல் வெளியிட்ட விதிகள் இன்று உலகெங்கும் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் பயன்படுகின்றன. கால் பிரண்ட உடனேயும், வைத்தியரைக் காணும்போதும் நாலு அடிகூட ஊன்றி வைக்க முடியாவிட்டால் எக்ஸ்-ரே எடுக்க வேண்டும். வெளிக்கணு அல்லது உட்கணுவின் பின்விளிம்பில், நுனியிலிருந்து 6 சென்றிமீற்றருக்குள், எலும்பை அழுத்தும்போது நொந்தாலும் எடுக்க வேண்டும். பாதத்தின் வெளி ஓரத்தில் சுண்டுவிரலுக்கு நேரே புடைத்திருக்கும் எலும்பும், உள்வளைவின் உச்சியில் இருக்கும் எலும்பும் நோகிறதா என்றும் பார்க்க வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால் முறிவுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. வீக்கத்தின் பருமன் இந்தக் கணக்கில் சேர்வதே இல்லை.

ஒருமுறை பிரண்டது ஏன் மறுபடியும் பிரள்கிறது?

வீக்கம் வற்றி, நடை வந்துவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைப்பதுதான் இந்த விடயத்தில் மிகப் பெரிய பிழை. முதற் சுளுக்குக் கண்டவர்களில் 40 சதவீதம் வரையானோருக்கு நாட்பட்ட தளர்ச்சி ஏற்படுகிறது என்று ஆய்வுகள் கூறுகின்றன. மாதங்கள் கழிந்த பின்னும் கால் நம்பிக்கை தராது. சிறு கல்லுக்கும் மடியும். தண்டவாளக் கல் பரவிய கடவையில் நிலத்தைப் பார்த்தே நடக்க வேண்டிவரும். ஆண்டுகள் போனால் மூட்டுத் தேய்மானமும் சேரும்.

இதன் காரணத்தை 1965இல் முதலில் தெளிவாகச் சுட்டியவர் பிரித்தானிய எலும்பியல் மருத்துவர் மைக்கேல் பிரீமன். நார் ஒட்டிய பிறகும் கால் தளர்ந்திருப்பதற்கு, நாரின் பலவீனத்தைவிட அதிலிருந்த நரம்பு முனைகள் கெட்டுப்போனதே காரணம் என்றார் அவர். அப்படியானால் மருந்து பயிற்சிதான். ஆடும் பலகையொன்றின் மேல் ஒற்றைக் காலில் நிற்கப் பழக்கினார், பலன் கிடைத்தது.

இலங்கையின் தேசிய விளையாட்டான கரப்பந்தாட்டம் இந்தக் கருத்துக்கு ஒரு பெரிய சோதனைக்களமாக அமைந்தது, இங்கல்ல, நெதர்லாந்தில். 2001-02 ஆட்டப் பருவத்தில் 116 அணிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் சமநிலைப் பலகைப் பயிற்சி கொடுத்தார்கள். 2004இல் வெளியான முடிவு கவனிக்கத்தக்கது. ஏற்கெனவே கால் பிரண்டவர்களிடம் சுளுக்கு கணிசமாகக் குறைந்தது. ஒருபோதும் பிரளாதவர்களிடம் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. முன்பு முழங்கால் நோ இருந்தவர்களுக்கு அந்த நோ கூடியதும் அதே ஆய்வில் தெரிந்தது. பயிற்சியும் மருந்துபோல ஆளுக்கேற்ற அளவில் கொடுக்க வேண்டியது என்பதற்கு அது சான்று.

கிளித்தட்டும் வலைப்பந்தாட்டமும் இதே வகை. திடீரென நிற்பது, பக்கவாட்டில் வெட்டித் திரும்புவது, இன்னொருவரின் காலின் மேல் மிதிப்பது எல்லாம் அவற்றில் அடங்கும். பாடசாலை அணியில் ஒரு பிள்ளைக்குக் கால் பிரண்டால் அடுத்த போட்டிக்குள் கிறேப் பண்டேஜ் சுற்றி இறக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. கிறேப் பண்டேஜ் வீக்கத்தை அமத்தும். மூட்டைப் பிடித்து நிறுத்த அதற்குப் பலம் போதாது. நாடா இழுத்துக் கட்டும் கணுக்கால் உறையும், முறையாக ஒட்டிய விளையாட்டு நாடாவும் மறு சுளுக்கை உண்மையாகவே குறைக்கின்றன. முதல் சில மாதங்கள் விளையாடும்போது மட்டும் அவை போதும். வீட்டிலும் நாள் முழுதும் மாட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

சப்பாத்தால் என்ன செய்ய முடியும்?

கணுவை மூடும் உயரமான சப்பாத்து காலைக் காப்பாற்றும் என்பது பரவலான நம்பிக்கை. அமெரிக்காவில் 622 கூடைப்பந்தாட்டக்காரர்களுக்கு உயரமான சப்பாத்தையும் தாழ்ந்த சப்பாத்தையும் பிரித்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1993இல் வெளியானது. சுளுக்கு எண்ணிக்கையில் வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே கூடுதல் காசு கொடுத்து உயரத்தை வாங்குவதில் அர்த்தம் குறைவு. பார்க்க வேண்டியது அடியை.

அடி அகலமாகவும், தரைக்கு அருகிலும், பக்கவாட்டில் முறுகாததாகவும் இருக்க வேண்டும். குதியைக் கவ்வும் பின்பகுதி விறைப்பாக இருக்க வேண்டும். மெத்தென்ற தடித்த பஞ்சடி கடையில் நிற்கும்போது சொகுசாகத்தான் இருக்கும். ஆனால் தரையின் சரிவைப் பாதம் உணர்வதை அது மழுங்கடிக்கிறது. ஓரத்தில் மிதித்தால் தானும் அமுங்கிச் சரிகிறது. தளர்ந்த கணுக்கால் உள்ளவருக்கு அது பொருந்தாது.

ஊரில் பெரும்பாலானோர் போடுவது "பாட்டா". எந்தக் கம்பனி செய்திருந்தாலும் இரட்டை வார் றப்பர்ச் செருப்புக்கு இங்கே அதுதான் பெயர். அதை வில்லனாக்குவது எளிது, நியாயமல்ல. தட்டையானது, தரைக்கு அருகில் இருப்பது, விரல்களை நெரிக்காதது, நனைந்தால் காயக்கூடியது. அதன் குறை பின்வார் இல்லாமை. செருப்பு கழன்றுவிடாமலிருக்க விரல்கள் ஒவ்வோர் அடியிலும் அதைக் கவ்விப் பிடிக்க வேண்டும், நடையடி சுருங்கும், ஈரத்தில் குதி அதன்மேல் வழுக்கும். தேய்ந்த செருப்பு இன்னும் மோசம். பெரும்பாலானோரின் செருப்பு குதியின் வெளி ஓரத்தில்தான் முதலில் தேய்கிறது. அந்தச் சரிவோடு நடப்பது, பாதத்தை எந்நேரமும் பிரளும் திசையிலேயே சாய்த்து வைப்பதற்குச் சமம். வார் அறும்வரை செருப்பு மாற்றாத சிக்கனம் இந்த ஓரிடத்தில் நட்டத்தில் முடியும்.

[பெட்டி] கடையில் நின்றபடியே

பின்னேரத்தில் போவது நல்லது. பகல் முழுதும் நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும். இரண்டு பாதங்களில் பெரியதற்கே அளவு பார்க்க வேண்டும். நின்ற நிலையில் நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் வேண்டும்.

சப்பாத்தின் பின்குதியைப் பெருவிரலால் அழுத்தினால் அது உள்ளே மடங்கக் கூடாது. முன்னையும் பின்னையும் பிடித்து ஈரத்துணி பிழிவதுபோல முறுக்கினால் இணங்கக் கூடாது. நுனியைத் தரையில் ஊன்றி மடக்கினால் விரல்கள் மடியும் இடத்தில் மடங்க வேண்டும். நடுவில் மடங்கினால் திருப்பி வைத்துவிடலாம். மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பார்க்கும்போது ஒரு பக்கம் சாயக் கூடாது. புதிய சப்பாத்துகளிலும் இந்தக் குறை உண்டு. செருப்பாக இருந்தால் பின்வார் உள்ளதே நல்லது.

"போடப் போட இளகும்" என்று கடைக்காரர் சொன்னால் வாங்கத் தேவையில்லை. முதல் நாளே பொருந்தாதது பிறகும் பொருந்தாது.

பள்ளிச் சப்பாத்து

2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. அந்த ஆண்டிலிருந்து பள்ளிச் சப்பாத்து பல வீடுகளில் திட்டமிட்டு வாங்கும் பொருளாகிவிட்டது. விளைவு தெரிந்ததே: அடுத்த ஆண்டுக்கும் உதவட்டும் என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கி, முன்னால் பஞ்சு அடைத்துக் கொடுப்பது. உள்ளே வழுக்கும் பாதம் ஓடும்போது எளிதில் பிரளும். அண்ணனின் பழைய சப்பாத்தைத் தம்பிக்குக் கொடுப்பதும் அப்படியே. அண்ணனின் நடை அதன் அடியில் ஏற்கெனவே பதிந்திருக்கிறது.

அதற்காகப் பிள்ளையை எந்நேரமும் சப்பாத்துக்குள் வைத்திருப்பதும் சரியல்ல. கர்நாடகத்தின் மணிப்பாலில் உதய பாஸ்கர ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 2,300 பிள்ளைகளின் பாதச்சுவடுகளை ஆராய்ந்து 1992இல் வெளியிட்டார்கள். காலணி அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப் பாதம் இருந்தது. வெறுங்காலில் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதத்தினருக்கு மட்டுமே. காலணி அணிந்தவர்களிலும் மூடிய சப்பாத்துக்காரரிடமே அது கூடுதல். செருப்புப் போட்டவர்களிடம் குறைவு. வலி தராத, இளகும் தட்டைப் பாதம் ஒரு நோயல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் முற்றத்து மண்ணில் வெறுங்காலோடு ஓடும் பிள்ளையைச் சத்தம் போட்டு உள்ளே கூப்பிடும் முன் இந்த இலக்கங்களை நினைத்துக்கொள்ளலாம்.

கழற்றிய பிறகு

வெறுங்கால் வாழ்க்கை பாதத்திடம் எவ்வளவு கேட்கிறது என்பதை யாழ்ப்பாணம் ஒரு கொடிய வழியில் அறிந்துகொண்டது. போரிலும் மிதிவெடியிலும் கால் இழந்தவர்களுக்காக யாழ். ஜெய்ப்பூர் வலுவிழந்தோர் புனர்வாழ்வு நிலையம் 1987 முதல் செயற்கைக் கால் செய்து வருகிறது. அதன் பெயரிலுள்ள ஜெய்ப்பூர்க் கால், 1960களின் இறுதியில் ராஜஸ்தானில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கியது. அதற்கு முன்பிருந்த மேலைநாட்டுச் செயற்கைப் பாதம் சப்பாத்துக்குள் ஒளிந்திருக்கவென்று செய்யப்பட்டது. அதனோடு குந்தியிருக்க முடியாது, சம்மணமிட முடியாது, வரம்பில் நடக்க முடியாது. கடினப்படுத்திய றப்பரால் ஆன ஜெய்ப்பூர்க் கால் பக்கவாட்டிலும் மடிந்து மேடு பள்ளத்துக்கு இணங்கியது, சப்பாத்து இல்லாமலே நடந்தது. ஊனமற்ற கணுக்கால் இவை அனைத்தையும் அன்றாடம் பேசாமல் செய்கிறது.

ஆனால் வெறுங்காலே எல்லோருக்கும் நல்லது என்று சொல்லிவிட முடியாது. இரண்டு கூட்டத்தார் விலக்கு.

முதலாவது முதியோர். 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் அமெரிக்காவில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், வெறுங்காலிலும் காலுறையோடு மட்டுமாகவும் நடந்தவர்களே அதிகம் விழுந்தார்கள்; நாடா கட்டும் சாதாரண கன்வஸ் சப்பாத்து அணிந்தவர்கள் குறைவாக விழுந்தார்கள். பாசி பிடித்த கிணற்றடி, ஈரமான குளியலறை, மெருகேற்றிய சீமெந்துத் தரை உள்ள கொக்குவில் வீட்டுக்கு இதில் செய்தி இருக்கிறது. வீட்டுக்குள் செருப்பா என்று முகம் சுளிப்பவர்கள், வெளியே போகாத, பின்வார் வைத்த ஒரு சோடியை வீட்டுக்கென்றே வைத்துக்கொள்ளலாம். இடுப்பு எலும்பு முறிவோடு ஒப்பிட்டால் அந்தச் சங்கடம் சிறியது.

இரண்டாவது நீரிழிவு நோயாளர். நோய் முற்றினால் பாதத்தின் உணர்ச்சி மங்கும். கால் மடிவதும் தெரியாது, முள் ஏறியதும் தெரியாது. 10 கிராம் அழுத்தம் கொடுக்கும் மெல்லிய நைலோன் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்கும் சோதனை சில நிமிடத்தில் முடியும். அதில் தோற்றவருக்குச் சப்பாத்து மருந்துப் பட்டியலில் சேர்ந்துவிடுகிறது. இந்த அறிவின் பெரும்பகுதி தமிழ் மண்ணில் பிறந்தது. கொல்லிமலையில் 1914இல் பிறந்து 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த போல் பிராண்ட், தொழுநோயாளரின் பாதப் புண்ணுக்குக் காரணம் உணர்ச்சியின்மையே என்று காட்டினார். நுண்ணறைகள் கொண்ட மென்மையான றப்பரால் செருப்பு செய்யும் முறை அங்கே வளர்ந்தது. எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று நீரிழிவு நோயாளருக்கு எழுதிக் கொடுப்பது அதுவே. ஆணி அடிக்காதது, பின்வார் உள்ளது, விரலிடுக்கில் வார் உரசாதது.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் இது வெறும் பாடமாக இருப்பதில்லை. 25 நாளும் பக்கத்து ஊரான கொக்குவிலிலிருந்து வெறுங்காலோடு நடப்பவர்கள் உண்டு. மஞ்சவனப்பதியிலும் நந்தாவில் அம்மன் கோயிலிலும் அதே வழக்கம்தான். உணர்ச்சி குன்றிய பாதத்தோடு போகிறவர் வெயில் ஏறும் முன் போவதும், கோயில் எல்லைவரை செருப்போடு போவதும், வீடு திரும்பியதும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்ப்பதும் பக்திக்குக் குறைவல்ல.

காலைப் பழக்குதல்

மீதிப் பேருக்கு வேலை வீட்டிலேயே இருக்கிறது. யாழ். பல்கலைக்கழக மருத்துவ பீடம் கொக்குவில் ஆடியபாதம் வீதியில்தான் இருக்கிறது. போதனா வைத்தியசாலையும் தூரமில்லை. முதல் இரண்டு தடவை இயன்மருத்துவரிடம் முறையைக் கேட்டுக்கொண்டால், மிச்சத்துக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்.

[பெட்டி] ஆறு வாரம்

வீக்கம் தணிந்ததும் காற்றில் பெருவிரலால் அ முதல் ஔ வரை எழுதுவது மூட்டை இளக்கும். பிறகு பழைய சைக்கிள் ரியூப் ஒன்றைக் கட்டில் காலில் கட்டி, மறுமுனையைப் பாதத்தில் மாட்டி வெளிப்பக்கமாக இழுக்க வேண்டும். பிரளும் காலைப் பிடிக்க வேண்டிய தசை அதுதான். சுவரில் விரல் தொட்டபடி குதியை உயர்த்தி இறக்குவது கெண்டைக்காலுக்கு.

சமநிலைக்கு ஒற்றைக் காலில் 30 விநாடி நிற்பது. அது எளிதானதும் கண்ணை மூடிக்கொண்டு. அதுவும் எளிதானதும் மடித்த பாயின் மேலோ தலையணையின் மேலோ. பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்க வேண்டும். பல் துலக்கும் நேரத்தை இதற்குப் பயன்படுத்தினால் நேரமில்லை என்ற சாட்டு எடுபடாது. விளையாடுகிறவர்கள் கடைசி வாரங்களில் ஒற்றைக் காலால் தத்துவதையும் பக்கவாட்டில் வெட்டித் திரும்புவதையும் சேர்க்க வேண்டும். கூரிய வலி வந்தால் ஒரு படி பின்னே போக வேண்டும்.

இந்தப் பயிற்சி வெறுங்காலில் செய்யத்தக்கது. தரையை உணர்வதே அதன் நோக்கம். நீரிழிவால் பாதம் மரத்தவர்களும், அடிக்கடி விழும் முதியோரும் காலணியோடு, துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு செய்ய வேண்டும்.

மூன்று முதல் ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தும் கால் பிரளுவது நிற்காதவர்கள் சிறு தொகையினரே. அவர்களுக்கு எலும்பியல் நிபுணரின் ஆலோசனையும், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. படமும் வேண்டும், சிலரிடம் மூட்டுக்குள் குருத்தெலும்பு உடைந்திருப்பதும் உண்டு. சுவீடனின் லெனார்ட் புரோஸ்ட்ரோம் 1966இல் விவரித்த, தளர்ந்த நாரை இழுத்துத் தைக்கும் அறுவைச் சிகிச்சை சில மாற்றங்களோடு இன்றும் செய்யப்படுகிறது. அதற்குப் பிறகு சில வாரம் கால் அசையாமல் கட்டப்படும். கட்டு அவிழ்ந்ததும் நோயாளி தொடங்க வேண்டியது சைக்கிள் ரியூப்பையும் ஒற்றைக்கால் நிலையையும்தான். ஓட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் திரும்பப் பொதுவாக மூன்று நான்கு மாதமாகும்.